முள் இல்லை, நெஞ்சுதான்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் போட்ட கையெழுத்துதான். இப்போது விரலை வைத்தால் போதும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். மறதியும் இருக்கிறது. ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றில் போய் நின்றுகொள்வேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் இதை எழுதாமல் விட்டால் எங்கள் சொந்தக்காரர்கள் சொல்லும் கதைதான் நிற்கும். காதுகுத்து, கல்யாணம், எழவு, எங்கே கூடினாலும் இலை போடுவதற்கு முன்னால் ஆரம்பித்துவிடுகிறார்கள். "கரண்டுப் பெட்டிய மாட்டிட்டு வந்து நின்னா பாரு, கெடா துளுக்கவே மாட்டேன்னுருச்சு. இவள வண்டிக்குத் தாட்டி உட்ட பொறவுதான் துளுக்குச்சு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தே சிரிப்பார்கள். துளுக்குவது என்றால் என்னவென்று பின்னால் சொல்கிறேன். நான் மறுத்துப் பேசுகிற ஆள் இல்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கவே எனக்கு நாக்கு எழாது. அதனால்தான் காகிதத்தில்.

முதலில் நெஞ்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் விவசாயக் காட்டில் தண்ணீர் கீழே போன பிறகு போர்க்கிணற்றுக்குக் கம்ப்ரசர் மாட்டியிருந்தோம். கம்ப்ரசர் தண்ணீர் சீராக வராது. ஒரு வீச்சு வரும், நின்றுவிடும், வெறும் காற்று இருமும். நின்றே போய்விட்டதா என்று குழாயில் எட்டிப் பார்த்தால் முகத்தில் அறைகிற மாதிரி ஒரே கொட்டாகக் கொட்டும். என் நெஞ்சும் அப்படித்தான். ஒழுங்காக அடித்துக்கொண்டே வந்து ஓர் அடியை விட்டுவிடும். உள்ளே யாரும் இல்லாத வீடு மாதிரி ஒரு நேரம் இருக்கும். அப்புறம் விட்டதற்கும் சேர்த்து ஓர் இடி தொண்டைக்குழியில் வந்து விழும். சில நாள் அதோடு போய்விடும். சில நாள் அதன் பின்னாலேயே ஓட்டம் பிடித்துவிடும், கோழிப்பண்ணைக்குள் பாம்பு நுழைந்த மாதிரி. அப்போது கண் மங்கும். கால் நனைந்த துணியாகிவிடும்.

இதை மறைக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். எங்கே வந்தாலும் குனிந்து உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்ப்பேன். "என்னாச்சுங்கத்தை?" என்று மருமகள் கேட்டால், "முள்ளு குத்திருச்சு சாமி" என்பேன். களத்தில் முள், வாசலில் முள், பஸ் ஸ்டாண்டில் முள். ஒருமுறை மொசைக் போட்ட கல்யாண மண்டபத்தில்கூட எனக்கு முள் குத்தியது. "அத்தைக்கு மட்டும் எங்கிருந்துதான் முள்ளு வருதோ, போங்க" என்று மருமகள் சிரித்தாள். சிரித்தாலும், போகும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஒரு நாள் தண்ணித் தொட்டிப் பக்கத்தில் கண் மங்கி விழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு முள் கதை செல்லவில்லை. நெற்றியில் புடைப்போடு வந்தவளுக்கு உள்ளங்காலில் முள் என்றால் யார் நம்புவார்கள்? நெஞ்சு படபடவென்று வருகிறது என்று சொல்லிவிட்டேன். சொன்னதுதான் தாமதம், ஊரில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் டாக்டர் ஆகிவிட்டார்கள்.

"கேஸுங்க." பால் ஊற்ற வந்தவர் சொன்னார். "கேஸேதான்." எங்கள் கோழிப்பண்ணைக்குத் தீவனம் இறக்க வந்த லாரிக்காரர் சொன்னார். அவர் அம்மாவுக்கும் கேஸாம், சோடாவில் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாராம், ஏப்பம் விட்டதும் எழுந்து களை எடுக்கப் போய்விட்டதாம். எனக்கும் சோடா வந்தது. ஓமம் வந்தது. பூண்டைச் சுட்டுக் கொடுத்தார்கள். பெருங்காயத்தை மோரில் கரைத்துக் கொடுத்தார்கள். வயிறுதான் வெந்தது. நெஞ்சு அதுபாட்டுக்கு ஓர் அடியை விட்டு ஓர் அடியைப் போட்டுக்கொண்டிருந்தது.

மகன் டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். வயசுப் பையன். "எங்க பண்ணுதுங்கம்மா, தொட்டுக் காட்டுங்க" என்றார். ஓர் ஆம்பிளை முன்னால் நெஞ்சைத் தொட்டுக் காட்ட எனக்குக் கூச்சம். கை வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் எங்கேயோ போய் நின்றது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுத ஆரம்பித்துவிட்டார். பிறகு படுக்கவைத்து ஒயர் மாட்டி இசிஜி எடுத்தார்கள். அந்தக் காகிதம் ஓடுகிற நேரத்துக்கு என் நெஞ்சைப் பார்த்திருக்க வேண்டும்! இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்கு மட்டும் கை கட்டி உட்காருகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அடித்தது. படியிறங்கி வண்டி ஏறினோமோ இல்லையோ, தடால் என்று ஓர் இடி.

"எல்லாம் நார்மல்னு பேப்பர்லயே வந்துருச்சுங்கம்மா" என்றான் மகன். "டென்சன் ஆவாதீங்க. நீங்களா எதையாச்சும் நெனச்சுக்கறீங்க."

மகன் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். ஒரு கோழி தீவனத்தில் வாய் வைக்காமல் கழுத்தைத் தொங்கப்போட்டால் உடனே கால்நடை டாக்டருக்குப் போன் போடுவான். கோழியைப் பார்த்து டென்சன் ஆகாதே என்று அவன் சொல்லி நான் கேட்டதில்லை. மூன்று தடவை காகிதம் எடுத்தாயிற்று, மூன்று தடவையும் நார்மல். மூன்றாவது தடவை அந்த டாக்டர், மகனிடம் தனியாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் காதுபடவே சொன்னார்: "வயசானா தனிமைங்க. கவனிக்கணும்னு இப்படிச் சொல்லுவாங்க." தூங்குவதற்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். நான் தூங்காமல் இருக்கிறேன் என்று யார் சொன்னது?

இதற்கெல்லாம் மேலே என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் அக்கா. நாங்கள் நங்கையா என்று கூப்பிடுவோம். அவருக்கு எல்லாமே சாமி குத்தம். மாடு பால் குறைந்தாலும் சாமி குத்தம், டிவியில் படம் ஆடினாலும் சாமி குத்தம். என் வீட்டுக்காரர் பண்ணைக்குக் கொட்டகை போட்டபோது குலசாமிக்குக் கிடாய் வெட்டுகிறேன் என்று வேண்டியிருந்தார். வெட்டாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். "அதான் புள்ள உன்ற நெஞ்சுல வந்து ஒதைக்குது" என்றார் நங்கையா. வேண்டினது அவர் தம்பி. கொட்டகை என் மகனுக்கு. உதை எனக்கா? கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. நங்கையாவே பூசாரியிடம் போய் நாள் குறித்து, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

அதற்குள் மருமகள் ஒரு காரியம் செய்தாள். ஒரு நாள் வாசலில் நான் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வந்து என் கையைப் பிடித்து நாடியில் விரலை வைத்தாள். விட்டுப்போன அடி அவள் விரலுக்கும் தெரிந்திருக்கும். மறு நாள் நாமக்கல்லில் ஒரு பொம்பளை டாக்டரிடம் கூட்டிப்போனாள். இவரிடம் எனக்குக் கை நேராக நெஞ்சுக்குப் போனது. கம்ப்ரசர் தண்ணீர் மாதிரி என்று சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு வர்றப்ப மெசின் இல்ல, மெசின் இருக்கறப்ப வர்றதில்ல. ஒரு நாள் முழுக்க மாட்டியே விட்டறலாங்கம்மா" என்றார்.

பெட்டி சோப்பு டப்பா அளவுதான். அதிலிருந்து ஒயர்கள் வந்து நெஞ்சில் அங்கங்கே ஒட்டிக்கொள்ளும். தோளில் ஒரு வாரில் தொங்கும். ஒட்டிவிட்ட பெண் சின்னப் பெண்தான், ஆனால் கண்டிப்பு.

"குளிக்கக் கூடாதுங்கம்மா. நாளைக்குப் பொழுதோட நான் கழட்டற வரைக்கும் நீங்க தொடவே கூடாது. பிச்சா திரும்ப ஒட்டாது, எடுத்த வரைக்கும் வீணாப் போயிரும். படபடன்னு வர்றப்ப இந்தப் பட்டனை ஒரு அமுக்கு அமுக்குங்க, அந்த எடத்துல குறி விழுந்துரும். மறந்துறாதீங்க."

"அமுக்கறேன் சாமி" என்றேன்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெட்டி ஒன்றுதானாம். எத்தனையோ நாள் காத்திருந்து என் முறை வந்தது. வந்த நாளைப் பாருங்கள், கிடாய் வெட்டுக்கு முந்தின நாள். கோயிலைத் தள்ளிப்போடச் சொன்னால் நங்கையா கேட்கமாட்டார். பெட்டியை விட்டால் மகன் இன்னொரு தடவை இறங்கமாட்டான்; அதை அவனே சொல்லிவிட்டான். "இதுலயும் ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சுன்னா இனி இந்தப் பேச்சை எடுக்கப்படாதுங்கம்மா, பேசாம தூக்க மாத்தரையப் போட்டுக்கோணும்." ஆக, அந்த ஒரு நாள்தான். அந்த ஒரு நாளைக்குள் என் நெஞ்சு பெட்டிக்கு முன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் சாகும்வரை கவனிப்புக்கு அலைகிற கிழவி.

அன்றைக்கு ராத்திரி முழுக்க அது வரவில்லை. நல்ல பிள்ளை.

காலையில் எல்லோரும் தலைக்குக் குளித்துவிட்டு வந்தார்கள். நான் ஈரத்துணியால் முகமும் கையும் துடைத்து, புதுப் பச்சைச் சேலையை ஒயர் தெரியாமல் இழுத்து மூடிக்கொண்டேன். எங்கள் குலசாமி கோயில் மோகனூரைத் தாண்டி ஆற்றோரம் இருக்கிறது. வேனில் போனோம். மேச்சேரிக் கிடாய் ஒன்றை மகன் வாங்கியிருந்தான், செவலை, கொழுத்தது. வழியெல்லாம் என் காலடியில்தான் படுத்து அசை போட்டுக்கொண்டு வந்தது. அந்தக் கூட்டத்தில் என்னை எதுவும் கேட்காத ஒரே ஜீவன் அதுதான்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கிடாயை அப்படியே வெட்டிவிட மாட்டார்கள். மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டு எல்லோரும் கை கூப்பிக் காத்திருப்பார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்து ஓர் உதறு உதற வேண்டும். அதைத்தான் துளுக்குவது என்போம். துளுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். துளுக்காமல் கத்தியைத் தொடக் கூடாது.

பூசாரி ஒரு சொம்பு ஊற்றினார். கிடாய் நின்றது. இன்னொரு சொம்பு ஊற்றினார். கிடாய் மாலையில் ஒரு பூவைக் கடித்துத் தின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூப்பிய கையை யாரும் இறக்கவில்லை. லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர், கல்லூரியில் வாத்தியாராக இருப்பவர், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர், அத்தனை பேரும் ஓர் ஆட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதுகில் ஓர் ஈ உட்கார்ந்து தோல் லேசாகச் சுளித்தால், "ஆங், ஆங்" என்று ஒரு சத்தம் எழும்பும். அப்புறம் அடங்கும். மகன் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"சார்ஜ் எறங்கிப் போச்சாட்ட இருக்குது மாமா" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். நங்கையாவின் மருமகன், ரிக் வண்டியில் போர்க்கிணறு போடப் போகிறவன், என்னைச் சின்னத்தை என்பான். "சின்னத்தை பெட்டியில ஒயரு இருக்குது, கெடாயச் சொருகுங்க!"

சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை. "ஏனுங்க, ஆருக்காச்சும் மனசுல கொறை இருந்தாச் சொல்லிப்போடுங்க. சாமி எதையோ புடிச்சு நிறுத்துது" என்றார்.

"எதையோ என்ன எதையோ!" நங்கையா என் பக்கம் திரும்பினார். "இவ தலைக்கு ஊத்தாம வந்து நிக்கறா. நெஞ்சுல கரண்டுப் பெட்டி வேற. இதெல்லாம் மாட்டிட்டு நின்னா சாமி எங்கிருந்து வரும்? கழட்டி வெய்யி புள்ள. ஆத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு வா."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. இதுவரை ஆட்டைப் பார்த்த கண்களெல்லாம் இப்போது என் மேல். மகன் போனை இறக்காமலே, "செத்த நேரம் கழட்டுங்கம்மா, பொறவு மாட்டிக்கலாம்" என்றான்.

"திரும்ப ஒட்டாதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு" என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

"ஒட்டாட்டிப் போகுது. கேஸுக்கு எதுக்குப் பெட்டி?" என்றார் நங்கையா. வந்து என் தோள் வாரில் கை வைத்துவிட்டார்.

அப்போதுதான் அது வந்தது. ஓர் அடி விட்டது. காலி. தொண்டையில் ஓர் இடி. அதன் பின்னால் ஓட்டம். ராத்திரி முழுக்கப் பதுங்கியிருந்தது சரியான இடம் பார்த்து வந்தது. கால் தொய்ந்தது. பழக்கத்தில் குனிந்து உட்கார்ந்து உள்ளங்காலுக்குக் கை போனது. வாயில் முள் என்ற சொல்லும் வந்துவிட்டது. பட்டனை அமுக்க வேண்டும் என்றால் அத்தனை ஆம்பிளைகள் முன்னால் சேலையை விலக்கிக் கையை உள்ளே விட வேண்டும். அமுக்காவிட்டால் குறி விழாது. ஒரு நொடி அப்படியே இருந்தேன். அப்புறம் நங்கையாவின் கையை வாரிலிருந்து எடுத்துவிட்டு, சேலைக்குள் கையை விட்டுப் பட்டனை அமுக்கினேன். பெட்டி "கீ" என்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவு அமைதியில் அது எல்லோருக்கும் கேட்டது.

"மறுக்கா முள்ளாங்கத்தை?" என்று கேட்டுக்கொண்டே மருமகள் ஓடி வந்தாள்.

"முள்ளு இல்ல. நெஞ்சு" என்றேன். பிறகு நங்கையாவைப் பார்த்துச் சொன்னேன். எப்படி வாய் வந்ததென்று இன்றைக்கும் தெரியவில்லை. "ஆடு ஒடம்பை உதறோணும்னு இவ்வளவு நேரமாக் கையெடுத்துக் கும்பிட்டு நிக்கறீங்க. அது உதறுனா சாமிங்கறீங்க. என்ற நெஞ்சு இத்தன வருசமா உதறுது, அது மட்டும் உங்களுக்குக் கேஸுங்களா நங்கையா? நான் கழட்டமாட்டனுங்க."

நங்கையா பின்னால் நகர்ந்து நின்றார். நாற்பது வருசத்துக்கு மேல் அவர் முன்னால் நான் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை. பூசாரிக்கு வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது. சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் குடத்தையே தூக்கினார். கிடாயின் தலையை ஒரு கையால் சாய்த்துப் பிடித்து, நேராகக் காதுக்குள் கவிழ்த்தார். எந்தக் கிடாய்தான் உதறாது? என் காதில் ஊற்றியிருந்தால் நானும் சாமி வந்தவள்தான். அது தலையிலிருந்து வால் வரைக்கும் உதறியது. கூட்டம் "சாமியோவ்" என்று கத்தியது. தண்ணீர் என் முகத்திலும் தெறித்தது. அவ்வளவு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், பெட்டியோடு, விரலைப் பட்டன் மேலேயே வைத்துக்கொண்டு. என்னை வண்டிக்கு அனுப்பியது அதற்கும் அப்புறம், கறி வெட்டும்போது. மருமகள் தோளைப் பிடித்துக் கூட்டிப்போய் வேனில் படுக்கவைத்தாள்.

சில நாள் கழித்து அந்தப் பொம்பளை டாக்டர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மகனும் வந்திருந்தான். காட்டுக்கு வேலிக் கல் நட்ட மாதிரி ஒரே அளவில் கோடுகள் வந்துகொண்டிருந்தன. ஓரிடத்தில் ஒரு கல் இல்லை. அடுத்தாற்போல் நெருக்கி நெருக்கி, கை வைக்க இடமில்லாமல் நட்டிருந்தது. அதன் மேல் ஒரு குறி.

"நீங்க அமுக்கின எடம் இதுங்கம்மா. நல்ல வேளை அமுக்கினீங்க. இது கேஸ் இல்ல, மனசும் இல்ல" என்றார். ஓர் அடி விட்டு அடிப்பது நிறையப் பேருக்கு வருவதுதான், என் விஷயத்தில் அதற்குப் பயப்பட வேண்டாம், ஓட்டம் பிடிக்கிறதே அதற்குத்தான் மருந்து என்றார். காலையில் ஒரு மாத்திரை. சாயங்காலக் காப்பி கிடையாது. கண் மங்கினால் நிற்காமல் உடனே உட்கார வேண்டும், மறைக்காமல் சொல்ல வேண்டும், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

மகன் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, "முன்னையே நல்லா வெவரமாச் சொல்லியிருக்கலாமில்லீங்கம்மா" என்றான். காகிதத்தில் வந்தால்தான் அவனுக்கு அம்மா.

நங்கையா விடுவாரா? விசயம் கேள்விப்பட்டதும் வீட்டுக்கே வந்துவிட்டார். "பாத்தியா புள்ள, கெடா வெட்டுனதும் சீக்கு வெளிய வந்துருச்சு. சாமிதான் பெட்டிக்குள்ள பூந்து காட்டிக் குடுத்துருக்குது." பால்காரரும் சொல்கிறார், கேஸ் முற்றினால் நெஞ்சுக்கு ஏறும் என்று அவர் அப்போதே சொன்னாராம். சோடா சொன்ன லாரிக்காரரை இன்னும் பார்க்கவில்லை. அவரும் ஏதாவது வைத்திருப்பார்.

மாத்திரை போட்டதிலிருந்து ஓட்டம் குறைந்திருக்கிறது. ஓர் அடி விடுவது இன்னும் இருக்கிறது. வந்தால் உட்கார்ந்துகொள்கிறேன், காலைத் தேய்ப்பதில்லை. யாராவது கேட்டால் நெஞ்சு என்று சொல்கிறேன். சொல்லும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. முந்தாநாள் பஸ்ஸில் சொன்னதற்கு ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். முள்ளுக்கு யாரும் எழுந்ததில்லை.

ஆனால் அந்தக் கதை மட்டும் மாறவில்லை. இவளை அனுப்பின பிறகுதான் கிடாய் துளுக்கியது என்று இப்போதும் சொல்லுகிறார்கள். நான் அங்கேயேதான் இருந்தேன் என்று எனக்கு நினைவு. எனக்கு மறதி உண்டு என்று முதலிலேயே ஒப்புக்கொண்டேன், அதையும் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். கிடாயைக் கேட்கலாம் என்றால் அதைத் தின்றாயிற்று. மகன் எடுத்த படம் அவன் போனில் இருக்கிறதாம். அது எங்கே இருக்கிறது, எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியாது. அவனிடம் கேட்டால், "அப்பறம் பாக்கலாங்கம்மா" என்கிறான். இதைப் படிக்கிற எங்கள் ஆட்கள் யாராவது அதை வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்து, குடம் கவிழ்ந்தபோது ஓரத்தில் என் பச்சைச் சேலை தெரிகிறதா என்று சரிபார்த்துச் சொல்லுங்கள். ஊற்றியது எத்தனை சொம்பு என்பதையும் பாருங்கள், அதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பிசகாக எழுதியிருந்தால் திருத்திக்கொள்கிறேன். சரியாக இருந்தால் நங்கையாவுக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள்.